மூன்றாவது பூச்சு

2024 மார்ச் 9, சனிக்கிழமை, காலை 10.40. விடியற்காலை மழை விட்டு வெயில் ஏறியிருந்தது. தரையெல்லாம் ஈரம், காற்றில் புழுக்கம். தேக்கா சந்தையை அடுத்த ஒரு கடையின் பின்சந்தில், ஒரு கையில் ஒரு கிலோ ஆட்டிறைச்சியும் மறு கையில் இரண்டு கட்டு முருங்கைக்கீரையுமாக நின்றுகொண்டு, ஒரு மோட்டார் சைக்கிளுக்கு நான் விலை கேட்டேன். அப்போது எனக்கு வயது எழுபத்து மூன்று.

அந்த வண்டி எனக்குப் புதிதல்ல. சனிக்கிழமைதோறும் கிளமெண்டியிலிருந்து பதினொரு நிறுத்தம் ரயிலில் வந்து, சந்தையில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு, வெயிலுக்குப் பயந்து அந்தச் சந்து வழியாகத்தான் திரும்புவேன். நீல நிறத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து முன்சக்கரம் மட்டும் வெளியே தெரியும். நின்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். நாற்பது கம்பி இருக்க வேண்டிய சக்கரத்தில் முப்பத்தேழுதான் இருந்தது. பிறகு ஒரு வாரம் முப்பத்தைந்து. குறைந்துபோன அந்த இரண்டும் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தன.

நான் முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு கப்பல் பட்டறையின் சாமான் கிடங்கில் வேலை செய்தவன். திருகாணி, வளையம், குழாய், வால்வு என்று எண்ணி எடுத்துக் கொடுப்பதும் எழுதி வைப்பதும்தான் வேலை. நான் எண்ணிக் கொடுத்ததை வைத்து மற்றவர்கள் கப்பலைச் சரிசெய்தார்கள். நான் ஒரு பொருளைக்கூடப் பூட்டியதில்லை. அந்த ஆசை எனக்கு இருந்தது என்பதே அன்று விலை கேட்ட பிறகுதான் தெரிந்தது.

கடைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஊருக்குத் திரும்பும் தொழிலாளிகளுக்குப் பெட்டியும் பையும் விற்கும் கடை. நோன்பு தொடங்க மூன்று நாள்தான் இருந்தது. பின்கட்டில் பேரீச்சம்பழ அட்டைப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“வாப்பா வண்டிண்ணே இது. போன வருஷம் மவுத்தாகிட்டாங்க. வெள்ளிக்கிழமை தொழுகைக்கு இதுலதான் போவாங்க. எனக்கு இத ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது” என்றார்.

“விற்கிற எண்ணம் உண்டா, பாய்?”

“நேத்துதான் ஒருத்தர் ரெண்டாயிரத்து ஐந்நூறு தர்றேன்னு கேட்டுட்டுப் போனார். கழட்டி, எஞ்சின் தனியா, டேங்க் தனியா விப்பாராம். நீங்க என்ன செய்யப் போறீங்க?”

“நானும் கழற்றத்தான் போகிறேன். ஆனால் திருப்பிப் பூட்டுவேன்.”

அவர் என்னையும் கீரைக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்களால முடியுமாண்ணே?”

முடியாது என்றேன். முடிந்த ஒருவரைக் கண்டுபிடிப்பேன் என்றும் சொன்னேன். அது அவருக்குப் பிடித்துப் போயிற்று என்று நினைக்கிறேன். ஆயிரத்து இருநூறு போதும் என்றார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். இந்த ஊரில் வண்டி சாலையில் ஓடுவதற்கு சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழ் வேண்டும். அதன் தேதி முடிவதற்குள் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால், வண்டி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் உடைக்கத்தான் போக வேண்டும். அந்த வண்டியின் சான்றிதழ் ஜூலை 31 அன்று முடிகிறது.

“அதுக்குள்ள ரோட்டுல ஓட்டிருங்க. உடைக்கப் போச்சுன்னு மட்டும் என் காதுல விழக்கூடாது. அதுக்குத்தான் பாதி விலைக்குக் கொடுக்குறேன்.”

வாக்குக் கொடுத்தேன். மனத்துக்குள் நாளைக் கணக்கிட்டேன். நூற்று நாற்பத்து நான்கு.

வீட்டில் மனைவி பையைப் பிரித்துப் பார்த்தாள். “கீரை மூணு கட்டு சொன்னேன். ரெண்டுதான் இருக்கு.”

விஷயத்தைச் சொன்னேன்.

“அப்போ மூணாவது கட்டுக்குப் பதிலா அதுவா?” என்று கேட்டுவிட்டுக் கீரையை ஆய உட்கார்ந்தாள். அதன் பிறகு நான்கு மாதம் அவள் அந்த வண்டியைப் பார்க்க வரவில்லை. எப்படி இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்கவுமில்லை. நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

*

மெக்கானிக்கை உட்லண்ட்ஸில் கண்டுபிடித்தேன். ஒன்பதாவது ஆளாக விசாரித்தபோது கிடைத்தவர். முதல் எட்டுப் பேரும் வண்டியின் வயதைச் சொன்னதுமே கையை விரித்துவிட்டார்கள். இவர் ஜோகூர் தமிழர், நாற்பத்தைந்து வயது இருக்கும். தினமும் விடிவதற்கு முன் எல்லைப் பாலத்தைக் கடந்து வந்து, மாலையில் திரும்பிப் போகிறவர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். குந்தி உட்கார்ந்து எஞ்சினை முகர்ந்து பார்த்தார்.

“செத்துப் போகல அங்கிள். தூங்குது” என்றார்.

“எழுப்ப முடியுமா?”

“எழுப்பலாம் லா. கோபமா எந்திரிக்கும்.”

வாரத்துக்கு மூன்று நாள் போனேன். எட்டு நிறுத்தம் ரயில், பிறகு பேருந்து. என்னைப் போன்ற வாடிக்கையாளர் ஒரு மெக்கானிக்குக்குக் கிடைப்பது அவர் செய்த பாவம் என்று இப்போது புரிகிறது. கழற்றிய ஒவ்வொரு துண்டையும் சிறு நெகிழிப் பையில் போட்டு, எண் எழுதி, பிஸ்கட் டின்களில் அடுக்கினேன். மொத்தம் இருநூற்றுப் பதினேழு பை. அவர் ஒரு நட்டைக் கையில் எடுத்தால், எந்தப் பையிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்பேன்.

“எண்ணி முடிங்க அங்கிள். அதுக்குள்ள நான் போயி தீவாளி கொண்டாடிட்டு வந்துடறேன்” என்பார்.

ஆனால் ஏப்ரலில் ஒரு நாள், கியர் பெட்டியில் ஒரு மெல்லிய வளையம் குறைகிறது என்று அரை மணி நேரம் தேடினார். நான் நூற்று நாற்பத்தோராம் பையை எடுத்து நீட்டினேன். அன்றிலிருந்து என்னை ‘ஸ்டோர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். “ஸ்டோர், அந்த சின்ன ஸ்பிரிங் எங்க?” முப்பத்தெட்டு ஆண்டு உத்தியோகத்தில் அவ்வளவு சந்தோஷமாக யாருக்கும் நான் பொருள் எடுத்துக் கொடுத்ததில்லை.

பிஸ்டன் வளையங்கள் இங்கிலாந்திலிருந்து வர இருபத்தாறு நாள் ஆயின. அந்த இருபத்தாறு நாளும் என் இரத்த அழுத்தம் சரியாக இல்லை. பெட்ரோல் கலக்கும் பாகம் மலாக்காவில் ஒரு பெரியவரிடம் இருந்தது. மெக்கானிக் தன் ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துப் போய் வாங்கி வந்தார். அந்தப் பயணத்துக்கு அவர் காசு கேட்கவில்லை. “எனக்கும் சும்மா போகணும் போல இருந்துச்சு” என்று சொல்லிவிட்டார்.

மே மாத நடுவில் சட்டகம் மட்டும் தனியாக, துரு நீக்கி, வெறும் சாம்பல் நிற இரும்பாக ஒரு கம்பியில் தொங்கியது. வர்ணம் அடிப்பவர் வேறு ஆள். அதே வரிசையில் நாலு கடை தள்ளி இருந்தார். மதியம் இரண்டு மணிக்கு வந்து சட்டகத்தை எடுத்துப் போவதாக ஏற்பாடு. மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். நான் சட்டகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கைப்பிடி வந்து பொருந்துகிற கழுத்துப் பகுதியில், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு டேப் துண்டு ஒட்டியிருந்தது. யாரோ அக்கறை இல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். அதை உரித்தேன். உருட்டிக் குப்பையில் போட்டேன். போதாததற்கு, எடுத்துப் போக வந்த வர்ணக்காரரிடம், இரண்டு பூச்சு போதாது, மூன்றாவதும் அடியுங்கள், காசு தருகிறேன் என்றும் சொன்னேன்.

சட்டகம் கறுப்புக் கண்ணாடி போல வந்தது. அதில் என் முகம் தெரிந்தது.

ஜூலை 6, சனிக்கிழமை, எஞ்சின் முதல் முறையாக ஓடியது. பதினான்கு உதை. பதினான்காவதில் வெள்ளைப் புகை கக்கி, இருமி, பிறகு ஒரே சீராகத் துடித்தது. மெக்கானிக் சொன்னது போலக் கோபமாகத்தான் எழுந்தது. அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “கேட்டீங்களா ஸ்டோர், ஒரு நட்டுகூட மிச்சமில்ல” என்றார். நான் காலியான பிஸ்கட் டின்களை ஒவ்வொன்றாக மூடி வைத்தேன்.

*

அடுத்தது பரிசோதனை. வண்டி பரிசோதனையில் தேறிய பிறகுதான் சான்றிதழுக்குப் பணம் கட்டுவது என்று முடிவு செய்திருந்தோம். தேறாத வண்டிக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு நிற்கக்கூடாது அல்லவா. ஜூலை 19, வெள்ளி, மதியம் மூன்றரைக்கு முறை கிடைத்தது. லாரியில் ஏற்றிக் கொண்டுபோனோம். பிரேக், விளக்கு, புகை எல்லாம் சரி. எஞ்சின் எண் சரி. பிறகு பரிசோதிப்பவர் கைவிளக்கை எடுத்துக்கொண்டு கழுத்துப் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. விரலால் தடவினார். விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார்.

சட்டகத்தின் எண் அங்கேதான் அடித்திருக்கும். பதிவேட்டில் உள்ள எண்ணும் அதுவும் ஒத்திருந்தால்தான் இந்த வண்டி இந்த வண்டி. அங்கே வழவழவென்று கறுப்பைத் தவிர எதுவும் இல்லை. அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: எண் தெரிகிற மாதிரி கொண்டு வாருங்கள் அங்கிள், இப்போது தேறியதாக எழுத முடியாது.

எனக்கு வந்த கோபத்தில் இடம் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் முன்னால் மெக்கானிக்கிடம், “இதைக்கூடப் பார்க்காமல் என்ன வேலை செய்தீர்கள்?” என்று கேட்டேன்.

“டேப் ஒட்டித்தானே அங்கிள் அனுப்பினேன்” என்றார். வண்டியை லாரியில் ஏற்றினார். என்னை ‘ஸ்டோர்’ என்று கூப்பிடவில்லை.

மாலையில் உட்லண்ட்ஸில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். இன்னும் பன்னிரண்டு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இயூ டீ நிலையத்தில் கதவு திறந்தபோது, டேப் என்று அவர் சொன்னது மறுபடியும் காதில் விழுந்தது. இரண்டு விரல் அகலம். என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதை உருட்டிய விதம்கூட ஞாபகம் வந்தது. அந்த நிலையத்திலேயே இறங்கிவிட்டேன். நடைமேடையில் நின்று அவரைக் கூப்பிட்டேன்.

“ஜாம்ல நிக்கிறேன் அங்கிள். சொல்லுங்க.” பின்னால் ஒரே ஹார்ன் சத்தம்.

“அந்த டேப்பை உரித்தது நான்தான். நீங்கள் சாப்பிடப் போயிருந்தபோது. குப்பை என்று நினைத்து உரித்தேன். எல்லார் முன்னாலும் உங்களைத் திட்டிவிட்டேன். மன்னிக்க வேண்டும்.”

அவர் சொன்னார்: “பூட்டுறப்போ நானும் பாத்திருக்கணும் லா. அத்தனை கேபிள் மறைச்சிருச்சு. விடுங்க. நாளைக்கு வாங்க.” பிறகு, “ஒண்ணு மட்டும். இனிமே என் கடையில எதையும் உரிக்காதீங்க” என்றார்.

அவர் இரண்டு மணி நேரம் திட்டியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். பாலத்தின் மேல் நெரிசலில் நின்றுகொண்டு, ஒரு நாள் முழுக்க வேலை செய்த களைப்போடு, ஒரு நிமிடத்தில் அதை முடித்துக் கொடுத்தார். அந்த நிமிடத்துக்கு என்ன விலை என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மணல்தாள் போட்டுத் தேய்க்கவும் முடியாது. எண்ணின் ஓரம் கொஞ்சம் அழிந்தாலும் திருட்டு வண்டி என்று சந்தேகப்படுவார்கள். வர்ணம் நீக்கும் திரவத்தைத் தாராளமாக ஊற்றவும் முடியாது. வழிந்தால் புது டேங்க் போய்விடும். பூச்சோ மூன்று. இரண்டோடு நிறுத்தியிருந்தால் பள்ளமாவது மங்கலாகத் தெரிந்திருக்கும்.

அவள் கேட்ட முதல் கேள்வி: “எழுத்து எவ்வளவு ஆழம் இருக்கும்?”

“அரை மில்லிமீட்டர் இருக்கலாம்.”

“அகலம்?”

“எதற்கு?”

“பல்லுல சொத்தைய விட அகலமா, குறைவான்னு கேக்குறேன்.”

என் மனைவி முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிப் பல் மருத்துவ அறையில் தாதியாக இருந்தவள். ஓயாமல் ஆடும் ஏழு வயதுப் பிள்ளைகளின் வாய்க்குள், வலிக்காமல் சுரண்டத் தெரிந்த கை அது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு துணிச்சுருளை எடுத்தாள். உள்ளே மூன்று எஃகுக் கம்பிகள், நுனி வளைந்தவை. ஓய்வு பெற்றபோது கொண்டுவந்தாளாம். பதினாறு ஆண்டாக அவை வீட்டில் இருந்ததை நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

மறுநாள் காலை இருவரும் உட்லண்ட்ஸ் போனோம். மெக்கானிக் எழுந்து நின்றார். “வாங்க ஆண்டி. அங்கிள் இத்தனை நாள் உங்களைக் கண்ணுலயே காட்டல.”

“அவர் சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு. நான்தான் வரல” என்றாள். வண்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். “பரவால்ல. அழகாத்தான் செஞ்சிருக்கீங்க.”

அவளுக்குச் சாய்மானமுள்ள பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஒரு தலையணை. டேங்கின் மேல் மூன்று பழைய துண்டு. மெக்கானிக் ஒரு மூடியில் அந்தத் திரவத்தை ஊற்றிக் கொடுத்தார். அவள் காது குடையும் பஞ்சை அதில் தொட்டு, கடுகளவு இடத்தில் வைத்து, காத்திருந்து, கம்பி நுனியால் மெல்ல எடுத்தாள். நான் கைப்பேசி விளக்கைப் பிடித்தேன்.

“கை ஆடுது. அந்தத் தூண்ல சாஞ்சு நில்லுங்க.”

சாய்ந்து நின்றேன்.

“ஆ காட்டு” என்று வண்டியிடம் சொன்னாள். “இன்னும் கொஞ்சம். முடிஞ்சிடும்.” மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை; தன் போக்கில் சொன்னது.

மொத்தம் ஏழு. முதல் எழுத்து வெளியே வர இருபத்திரண்டு நிமிடம். பிறகு கை பழகிப்போய்ப் பதினைந்து, பதினான்கு என்று குறைந்தது. ஒவ்வொன்றும் வெளியே வர வர, மெக்கானிக் பதிவுத் தாளைப் பார்த்து ஒப்பிட்டுச் சொல்வார். ஆறும் ஒத்திருந்தது. ஏழாவது, தாளில் 8. அவள் சுரண்டியதில் தெரிந்தது 3.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். தாளை மறுபடியும் பார்த்தார். கடைக்காரரின் தந்தை எந்தக் காலத்திலோ சட்டகத்தை மாற்றியிருப்பாரோ என்று நினைத்தேன். அப்படியானால் எல்லாம் முடிந்தது. கொடுத்த வாக்கு, நூற்று முப்பத்து மூன்று நாள், இருநூற்றுப் பதினேழு பை.

“ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடாம இருங்க” என்றாள். “அவசரப்பட்டா ஈறு கிழியும்.” புதுப் பஞ்சு எடுத்தாள். 3இன் இடது பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, அறுபது எண்ணினாள். வாய்விட்டு எண்ணினாள். எங்கள் வீட்டில் நான் மட்டுந்தான் எண்ணுகிறவன் என்று நாற்பத்தாறு ஆண்டாக நினைத்திருந்தேன். பிறகு கம்பியை வளைத்து எடுத்தாள். கறுப்பு ஒரு சுருளாக உரிந்து வந்தது. அதன் கீழே வளைவின் மற்ற பாதி இருந்தது.

“எட்டு” என்றாள் மனைவி. “பூச்சு அந்தப் பக்கம் தடிப்பா இருந்திருக்கு.”

மெக்கானிக் பரோட்டாவும் தே தாரிக் என்ற ஆற்றிய தேநீரும் வாங்கிவரப் போனார். அவள் கம்பிகளைத் துடைத்துச் சுருட்டினாள். நான் நன்றி சொன்னேன். இத்தனை ஆண்டில் அந்தச் சொல்லை அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். கணக்கு வைக்கிற அளவுக்கு இல்லை.

*

ஜூலை 23, செவ்வாய். வண்டி தேறியது. மீதி எட்டு நாள். இப்போது வேறு கவலை. சான்றிதழைப் பத்தாண்டுக்கும் புதுப்பிக்கலாம், ஐந்தாண்டுக்கும் புதுப்பிக்கலாம். ஐந்துக்குப் பணம் பாதி. ஆனால் ஐந்து எடுத்தால் அதோடு சரி. மறுபடியும் புதுப்பிக்க முடியாது. வண்டி உடைக்கப் போகும்.

ஆறு நாள் தாள் தாளாக எழுதினேன். எனக்கு எழுபத்து மூன்று. மூன்றாண்டுக்கு ஒரு முறை மருத்துவர் பார்த்து, ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து போதும் என்றுதான் எல்லாத் தாளும் சொல்லின. கடைசித் தாளை மனைவியிடம் காட்டினேன்.

“பத்து வருஷத்துக்கு உங்களுக்கு யாரு சர்ட்டிஃபிகேட் கொடுத்தா?” என்று கேட்டாள்.

“அதனால்தான் ஐந்து என்கிறேன்.”

“உங்களுக்கா எடுக்குறீங்க? வண்டிக்குத்தானே. எண்பத்து மூணு வயசுல நீங்க ஓட்டலன்னா வேற யாராவது ஓட்டிட்டுப் போறாங்க. அஞ்சு எடுத்தா, அது சாகுற தேதிய நீங்களே எழுதிக் கொடுக்குறீங்க. அந்த பாய்கிட்ட என்ன சொன்னீங்க? அஞ்சு வருஷம் கழிச்சு உடைக்கலாம்னா சொன்னீங்க?”

ஜூலை 29, திங்கட்கிழமை, காலை 9.15க்குப் பத்தாண்டுக்குப் பணம் கட்டினேன்.

ஆகஸ்ட் 3, சனிக்கிழமை, வண்டியைத் தேக்காவுக்கு ஓட்டிப் போனேன். ஐம்பதுக்கு மேல் முடுக்கவில்லை. பின்னால் வந்த மூன்று பேர் ஹார்ன் அடித்தார்கள். மனைவி பின்னால் உட்கார மறுத்து ரயிலில் வந்தாள். எனக்கு முன்பே கடைவாசலில் போய் நின்றிருந்தாள். சத்தம் கேட்டு, விலை பேசிக்கொண்டிருந்த ஆளை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்காரர் வெளியே வந்தார். டேங்கின் மேல் கை வைத்தார். சூட்டுக்குக்கூடக் கையை எடுக்கவில்லை. எஞ்சினை அணைக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார். இரண்டு நிமிடம் போல நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

“எத்தனை வருஷத்துக்கு எடுத்தீங்கண்ணே?”

“பத்து.”

தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே குரல் கொடுத்து மூன்று தேநீர் சொன்னார். பிறகு, இப்படிப்பட்டதைக் கேட்கலாமா என்று தயங்குகிறவரைப் போல, “மொத்தம் எவ்வளவு ஆச்சுண்ணே?” என்றார்.

மனைவியிடம்கூட அதுவரை சொல்லவில்லை. அவளைப் பார்த்தேன்.

“சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கிறேன்” என்றாள்.

பதினேழாயிரத்து நானூற்று அறுபத்திரண்டு வெள்ளி, எண்பது காசு.